பாயும் படுக்கையுமாகக் கிடப்பவரின் கணக்கு

கடன் என்ற சொல்லுக்கு எம்மொழியில் இரண்டு அர்த்தம் உண்டு. வாங்கிய காசும் கடன், செய்யவேண்டிய கருமமும் கடன். செத்தவருக்குச் செய்வதை இறுதிக்கடன் என்கிறோம். பெற்றவர்களைப் பற்றி நாம் யோசிக்கும் முறையை இந்த ஒரு சொல்லே வெகுகாலமாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. பெற்றார்கள், வளர்த்தார்கள், ஆகவே நாம் கடனாளிகள், ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவு தெளிவான நியாயத்தில் சிக்கல் என்ன இருக்கமுடியும் என்று கேட்கத் தோன்றும்.

பெற்றவர் பாயில் விழுந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இறுதிக்கடனுக்கு ஒரு முறை இருக்கிறது. யார் கொள்ளி வைப்பது, யார் செலவை ஏற்பது, எட்டு எப்போது, அந்தியேட்டி எப்போது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒருநாளும் முகம் பாராத உறவினர்கூட அன்றைக்கு வந்து நிற்பார். ஆனால் மூன்று வருடம், ஐந்து வருடம் எழும்பமாட்டாமல் கிடக்கும் ஒருவருக்கு யார் என்ன செய்யவேண்டும் என்பதற்கு எங்களிடம் எழுதிய முறையும் இல்லை, எழுதாத முறையும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு பெண் பார்த்துக்கொள்வாள் என்பதுதான் முறை. அந்த வீடு சிதறி, பிள்ளைகள் நாலு நாடுகளில் இருக்கும்போது, முன்கூட்டி ஒரு சதமும் ஒதுக்கப்படாத நிலையில் அந்தச் செலவு யாருடையது?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தை வைத்தும் கேட்கலாம், ரொறன்ரோவை வைத்தும் கேட்கலாம். நாம் இங்கே யாங்கோனை வைத்துக் கேட்க விரும்புகிறோம். காரணம், தமிழர் சிதறிய கதையில் ரங்கூன் எமக்கு முந்திய அத்தியாயம். அங்கே எஞ்சியிருப்பவர்களின் முதுமையில் எமது முதுமையின் சாயலைப் பார்க்கமுடியும்.

'முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா?' என்பது இப்படியான வேளைகளில் உறவினர் வாயில் வரும் முதல் வார்த்தை. யாங்கோன் தமிழர்களைப் பார்த்து இதைச் சொல்வதற்கு முன் அவர்கள் கடந்துவந்த வருடங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். 1942 இல் யப்பானியப் படை வந்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் காட்டுவழியிலேயே செத்தார்கள். 1962 இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 இல் வங்கிகளும், அடுத்த ஆண்டு கடைகளும் அரசுடைமையாயின. இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். நகைகளைக்கூடக் கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள் சென்னையில் பர்மா பஜாராகவும், வியாசர்பாடியின் குடிசைகளாகவும் ஆனார்கள்.

போகாமல் நின்றவர்கள் பிறகும் சேமித்தார்கள். ஆனால் 1964 இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1985 இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாமல் போயின. 1987 செப்டெம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் எந்த நட்டஈடும் இல்லாமல் ஒரே நாளில் வெறும் கடதாசியாயின. ஒரு மனிதர் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை உழைத்துச் சேர்த்ததை மூன்று தடவை பறிகொடுத்துவிட்டு நிற்கிறார். அவரிடம் போய் முதுமைக்கு ஏன் சேர்க்கவில்லை என்று எந்த வாயால் கேட்பது? இதற்கு நடுவே 1982 இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823 க்கு முன்பிருந்தே அங்கு குடியிருந்த இனங்களைச் சேர்ந்தவர்களையே அது முழுக் குடிமக்களாகப் பார்த்தது. மற்றவர்கள் வேறு தரம். பத்திரமில்லாதவருக்குச் சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பதே வில்லங்கம்.

முன்யோசனை என்பது ஒரு குணம் மட்டுமல்ல. நாளைக்கும் இதே வங்கி இருக்கும், இதே தாள் செல்லும், இதே ஊரில் நாம் இருப்போம் என்ற உத்தரவாதம் கிடைத்தவர்களுக்கே அது வாய்க்கும். இது கிடைக்காதவர்கள் இரண்டு இடங்களில்தான் சேமித்தார்கள். ஒன்று பொன். மற்றது பிள்ளைகள். பொன் ஏதாவதொரு கலவரத்தில் போய்விடும். பிள்ளைகள் வெளிநாடு போய்விடுவார்கள். யாங்கோன் தமிழருக்கு நடந்த இது, எண்பத்துமூன்றுக்குப் பின் எமக்கும் நடந்ததுதானே?

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் யாங்கோனில் தாம்வே பக்கம் இருக்கிறது. தாய்க்கு எண்பது வயதை நெருங்கும்போது பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. கணவர் சிறு கடை வைத்திருந்து காலமானவர். மூன்று பிள்ளைகள். மூத்தவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. நடுவில் ஒரு மகள், கலியாணமாகிச் சென்னையில். கடைசி மகள் தாயுடன் அதே வீட்டில் இருக்கிறார். தையல் வேலை செய்துவந்தார். தாய் விழுந்தபின் அதை விட்டுவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப்பிறகு தொடங்கிய செலவுகளை ஆஸ்பத்திரிச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. பம்பர்ஸ், சலக்குழாய், இரத்த அழுத்த மாத்திரை, கரைத்துக் கொடுக்கும் மா, வாரத்தில் இரண்டுநாள் வந்து கைகாலை அசைத்துவிடும் பெண்ணுக்குக் கூலி, மின்சாரம் நின்றால் மின்கல விளக்கு. இவை ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் முடிவில்லாதது. அசையமுடியாத ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பது தாதிமார் சொல்லும் விதி. அப்படியானால் நாளுக்கு 12 தடவை, வருடத்துக்கு 4380 தடவை. இரவில் வரும் தடவைகளும் இதற்குள் அடக்கம்.

அரசு என்ன செய்கிறது? முதியோருக்கான சட்டம் ஒன்று 2016 இன் இறுதியில் மியன்மாரில் இயற்றப்பட்டது. 2017 இல் 90 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10,000 கியாட் என்று ஒரு உதவித்தொகை தொடங்கியது. 2018 இல் அந்த வயது 85 ஆகக் குறைக்கப்பட்டது. தொடங்கிய காலத்தில் அது ஏறத்தாழ 7 அமெரிக்க டொலர். 2021 பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் கியாட் சரிந்தது. 2024 இல் வெளிச்சந்தையில் ஒரு டொலருக்கு 4000 கியாட்டுக்கு மேல் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் 10,000 கியாட் என்பது இரண்டரை டொலரும் தேறாது. எண்பதில் விழுந்தவருக்கு அதுவும் இல்லை. 1954 இலிருந்து இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் பதிவுபெற்ற தொழிலிடங்களில் வேலை செய்தவர்களுக்கானது. சிறுகடைக்காரரின் விதவைக்கு அதில் இடமில்லை.

தருமம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. டோ ஊ சுன் என்ற பெண்மணி 1915 இல் மிங்குனில் வயோதிபருக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1933 இல் யாங்கோனில் நின்சிகோன் வயோதிபர் இல்லமும் அவராலேயே உருவானது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அங்கே ஒருவேளைச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பது யாங்கோன் மக்களிடையே வழக்கம். ஆனால் அப்படியான இல்லங்கள் பார்க்க ஆளில்லாதவர்களுக்காக ஏற்பட்டவை. சிங்கப்பூரில் மகன் இருக்கும் தாய் ஆளில்லாதவர் அல்லவே! பிள்ளை இருப்பதே அவருக்குத் தடையாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2001 இல் திரைப்பட இயக்குநர் ஊ துக்காவும் நடிகர் சோ தூவும் யாங்கோனில் இலவச ஈமச்சேவைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சாதி, சமயம் பாராமல் ஏழைகளின் பிணத்தை எடுத்து அடக்கம் செய்யும் சங்கம் அது. அதன் பணி போற்றத்தக்கது. ஆனால் அந்த நகரத்தில் செத்தவரை எடுக்க ஆட்கள் வருகிறார்கள், சாகாமல் கிடப்பவரைப் புரட்ட ஒருவரும் வருவதில்லை என்பதும் உண்மை. இது யாங்கோனின் குறை மட்டுமல்ல. சாவு ஒருநாள் காரியம், அதற்கு எல்லோராலும் ஒருநாள் கொடுக்கமுடியும். நோய்க்கு நாட்கணக்கு இல்லை. அதனால்தான் சமூகம் அந்த இடத்தில் பின்வாங்கிக் குடும்பத்தை முன்னே தள்ளுகிறது. குடும்பம் ஒரு பெண்ணை முன்னே தள்ளுகிறது.

அந்த மூன்று பிள்ளைகளும் தொலைபேசியில் வாதாடிக்கொண்டதைக் கேட்டால் நியாயத்தின் மூன்று பள்ளிக்கூடங்களும் அதில் இருந்தன. மூத்தவர், மூன்று பேரும் சமபங்கு போடவேண்டும், எல்லோருக்கும் அவள்தானே தாய் என்றார். சென்னையில் இருக்கும் மகள், தன்னைப் படிக்கவைக்கவும் இல்லை, ஒழுங்காக நகை போட்டுக் கட்டிக்கொடுக்கவும் இல்லை, இருந்ததெல்லாம் அண்ணனைச் சிங்கப்பூருக்கு அனுப்பத்தானே போனது, வாங்கியவர் கொடுக்கட்டும் என்றார். கடைசி மகள் வெகுநாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சொன்னது இது: "நீங்க அனுப்புற காசு வருது அண்ணே. கை வரமாட்டேங்குது."

சமபங்கு என்பது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் சமமில்லாதவர்களிடம் சமமாய்க் கேட்பது சமத்துவம் ஆகாது. வியாசர்பாடியில் வாடகை கொடுக்கும் குடும்பத்துக்கு நூறு டொலர் என்பது பிள்ளையின் பள்ளிக்கூடம். சிங்கப்பூரில் அதே தொகை வேறு. அடுத்தது, வாங்கியவர் கொடுக்கட்டும் என்ற நியாயம். இதில் உண்மை இருக்கிறது. பெண்பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டு, முதுமையில் மட்டும் 'நீயும் பிள்ளைதானே' என்று கேட்பது அநீதி. ஆனால் இந்த நியாயத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனால் ஒன்றும் கொடுக்க வழியில்லாத ஏழைத் தாயைப் பார்க்க எவருக்கும் கடமை இல்லை என்றாகிவிடும். குடிகாரத் தகப்பன், வளர்ப்புத்தாய், பிள்ளையில்லாத சித்தி ஆகியோரின் கணக்குகளை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இங்கேதான் கடன் என்ற சொல் எங்களைக் கைவிடுகிறது என்று நினைக்கிறோம். காசுக்கடனுக்கு ஒரு தொகை உண்டு. கொடுத்து முடித்தால் பத்திரத்தைக் கிழித்துவிடலாம். பெற்று வளர்த்ததற்குத் தொகை இல்லை, ஆகவே முடிவும் இல்லை. முடிவில்லாத கடனில் ஒன்றிரண்டு விபரீதங்கள் நடக்கும். ஒருவர் எவ்வளவு செய்தும் போதாது என்று நொந்துகொண்டே இருப்பார். மற்றவர் மாதம் இருநூறு அனுப்பிவிட்டு, தன் பங்கு முடிந்தது என்று நிம்மதியாக நித்திரை கொள்வார். இருவருமே பாயில் கிடப்பவரைப் பார்க்கவில்லை. தங்கள் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

தாயை நாம் பார்ப்பது அவர் எங்களுக்குச் செய்ததற்கான கூலியாக அல்ல. அவருக்கு இப்போது தேவை இருக்கிறது, அருகில் நிற்பவர்கள் நாம், எங்களால் ஏதோ முடியும் என்பதால்தான். தேவை, நெருக்கம், இயலுமை ஆகிய இந்த மூன்றையும் வைத்துக் கணக்கைத் தொடங்கினால் கேள்விகள் மாறிவிடுகின்றன. யார் எவ்வளவு வாங்கினார் என்பது பின்னுக்குப் போகும். இவருக்கு இன்று என்ன வேண்டும், யாரால் எது முடியும், எதைக் கொடுத்தால் யார் உடைந்துபோவார் என்பவை முன்னுக்கு வரும். இயலுமை ஒரு அளவுகோல் என்றால் அதற்கு எல்லையும் உண்டு. தன் பிள்ளையின் படிப்பை நிறுத்தித்தான் தாயின் பராமரிப்புக்குக் கொடுக்கவேண்டும் என்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள். கேட்டாலும் அதை மறுப்பது பாவம் அல்ல.

அப்படிப் பார்க்கும்போது மறைந்திருக்கும் செலவு வெளியே தெரிகிறது. மூத்தவர் எழுதிய கணக்கில் மருந்து இருந்தது, பம்பர்ஸ் இருந்தது, கூலிக்காரிக்குக் கொடுத்தது இருந்தது. கடைசி மகள் விட்டுவிட்ட தையல் வருமானம் அதில் இல்லை. அவருடைய 4380 தடவைகள் இல்லை. அவர் நித்திரை இல்லை. நாற்பத்தாறு வயதில் அவர் தன் முதுமைக்குச் சேர்க்கவேண்டிய வருடங்களைத் தாயின் முதுமைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் முப்பது வருடத்தில், முன்யோசனை இல்லாதவள் என்று அவரைச் சொல்ல ஆட்கள் வருவார்கள். ஒரு தலைமுறையின் திட்டமின்மை அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது இப்படித்தான். அதைக் கைமாற்றிக் கொடுப்பது விதியல்ல, எழுதப்படாத ஒரு கணக்கு.

காசு அனுப்புபவரின் பாடும் இலேசானதல்ல. 2021 இல் யாங்கோனில் வங்கி வாசலில் விடிய முதல் வரிசையில் நின்றவர்களுக்கும் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் காசு உண்டியலில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு எமது வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வருமானத்தில் 25 சதவீதத்தை அரசு அங்கீகரித்த வழியில், அரசு நிர்ணயித்த விலையில் அனுப்பவேண்டும் என்று 2023 இல் உத்தரவு வந்தது. அதற்கும் சந்தைவிலைக்கும் இடையிலான வித்தியாசம் தாயின் மருந்திலிருந்துதான் கழிகிறது. 2024 பெப்ரவரியில் 18 முதல் 35 வயது வரையான ஆண்களுக்கும் 18 முதல் 27 வரையான பெண்களுக்கும் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தது. பாட்டியைத் தூக்கி உட்காரவைக்கப் பலமுள்ள பேரன்கள் எல்லை தாண்டிப் போனார்கள். கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி எமக்கு யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. ஆனால் அது வயோதிபரின் படுக்கையையும் தொடும் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

வேறு நாடுகள் இந்தக் கணக்கை எப்படி எழுதுகின்றன? இரண்டு வகையாக. ஒன்று பிள்ளையைப் பிடிக்கும் சட்டம். சிங்கப்பூரில் 1995 இலும், இலங்கையில் 2000 இலும், இந்தியாவில் 2007 இலும் அப்படியான சட்டங்கள் வந்தன. பெற்றோர் முறையிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுத் தொகை கட்டச் சொல்லலாம். இந்தியச் சட்டம் அதற்கு மாதம் 10,000 ரூபா என்று உச்சவரம்பு வைத்தது. மகனுக்கு எதிராக ஒரு தாய் முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எம்மவருக்குச் சொல்லவேண்டுமா? மற்றது எல்லோரையும் சேர்க்கும் சட்டம். ஜேர்மனியில் 1995 இல் பராமரிப்புக் காப்புறுதி வந்தது. சம்பளத்திலிருந்து எல்லோரிடமும் கழித்து, விழுந்தவருக்குக் கொடுக்கிறார்கள். அது முழுச்செலவையும் தாங்குவதில்லை. ஆனால் மிச்சத்துக்காகப் பிள்ளையைத் தேடுவதற்கும் 2020 இலிருந்து ஓர் எல்லை வைத்தார்கள். ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் ஈரோவைத் தாண்டினால் மட்டுமே பெற்றோருக்காகப் பிள்ளையிடம் கேட்கலாம். பிள்ளைகளின் அன்பு குறைவென்று நினைத்து இதைச் செய்யவில்லை. முதுமை யாருக்கும் வரும், அதை ஒரு வீட்டின் தலையில் மட்டும் போடமுடியாது என்று ஒத்துக்கொண்டதால் செய்தார்கள்.

இங்கே புகலிடத்தில் வாழும் எமது நிலை விசித்திரமானது. ஜேர்மனியில் உழைக்கும் தமிழரின் சம்பளத்திலிருந்து முன்பின் தெரியாதவர்களின் தாய் தகப்பனுக்கான காசு மாதாமாதம் கழிகிறது. அது நியாயமே. ஆனால் யாங்கோனிலோ வவுனியாவிலோ இருக்கும் அவருடைய சொந்தத் தாயை எந்தக் காப்புறுதியும் தொடாது. எமது பெண்களில் பலர் இந்த நாடுகளின் வயோதிபர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள். வேறொருவரின் தாயைக் கழுவித் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை, தங்கள் தாயைக் கழுவித் துடைக்கும் ஒருத்திக்கு அனுப்புகிறார்கள். அந்த ஒருத்தியின் தாயை யார் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த வேலைக்கு ஐரோப்பாவில் பயிற்சி, சான்றிதழ், லீவு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அதையே யாங்கோனில் ஒரு மகள் செய்யும்போது பாசம் என்ற ஒரே வார்த்தையோடு முடித்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் கணக்காக எழுதினால் பாசம் செத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய பயத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. எல்லாவற்றையும் விலைபேசும் உலகத்தில் தாய்மடியையாவது விட்டுவைக்கவேண்டும் என்ற ஆதங்கம் அது. ஆனால் எழுதாத கணக்கு இல்லாமல் போவதில்லை. அது யாரோ ஒருவரின் முதுகுநோவில், பேசாமல்போன சகோதரங்களின் இடைவெளியில், செத்தவீட்டில் வெடிக்கும் சண்டையில் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெளிப்படையாக எழுதினால் அதைத் திருத்தவாவது முடியும்.

ஆகவே சில விடயங்களைப் பச்சையாகவே சொல்லலாம். பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குச் சேரவேண்டியது முதல் வரியில் எழுதப்படவேண்டும், உதவி என்றல்ல, சம்பளம் என்று. அவருக்கு வாரத்தில் ஒரு முழுநாளாவது வேறொருவர் மாற்றாக வரவேண்டும், அதற்கான காசை முதலில் ஒதுக்கவேண்டும். வீடு யாருக்கு என்பது தாய் கண்மூடியபின் அல்ல, அவர் தலையசைக்கக்கூடிய காலத்திலேயே பேசி எழுதப்படவேண்டும். அந்தப் பேச்சு அவர் முன்னிலையில் நடக்கவேண்டும். பேச்சுக் குழறுபவருக்கு விருப்பம் இல்லை என்று அர்த்தமல்ல. நல்ல இல்லம் ஒன்று கிடைத்து, அவரும் சம்மதித்தால் அங்கே விடுவதை ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கத் தேவையில்லை. அந்த ஊர் இரவு இரண்டுமணிக்குப் புரட்டிவிட வரப்போவதில்லை.

செலவின் ஒழுங்கையும் மாற்றலாம். கடைசி ஐந்துநாள் தனியார் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு வைத்திருக்கக் கடன்பட்டாவது காசு வந்துவிடுகிறது. அந்தியேட்டிக்கு மண்டபம் எடுக்க வந்துவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்றுமெத்தை வாங்கக் கேட்டபோது அது வரவில்லை. கைவிடக்கூடாது என்பதும், முடிந்ததெல்லாம் செய்யவேண்டும் என்பதும் ஒன்றல்ல. முதலாவது எல்லோருக்கும் கடமை. இரண்டாவது பலவேளைகளில் ஊருக்குக் காட்டும் கணக்கு. சுத்தமான விரிப்பு, நோவில்லாத முதுகு, நேரத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் ஒரு குரல் ஆகியவையே பாயில் கிடப்பவர் கேட்கும் பெரும்பகுதி.

குடும்பத்துக்கு வெளியேயும் ஒரு வழி இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஊர்ச்சங்கங்கள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. தேருக்கும் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் காசு சேர்த்த அனுபவம் அவற்றுக்கு உண்டு. அதே சங்கம் தன் ஊரில் இரண்டு பெண்களுக்குத் தாதிப்பயிற்சி கொடுத்து மாதச்சம்பளம் வைத்து, பாயில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு முறைபோட்டு அனுப்பமுடியாதா? யாங்கோன் மக்கள் ஈமச்சேவைக்குச் சங்கம் கட்டினார்கள். அதைச் சாவுக்கு முந்திய வருடங்களுக்கு நீட்டுவதுதான் எம்மிடம் கேட்கப்படுவது.

தாம்வேயில் இருக்கும் அந்தக் குடும்பம் முழுத்தீர்வு ஒன்றையும் கண்டுவிடவில்லை. மூத்தவர் கூடுதலாகத் தருகிறார், தங்கைக்கென்று தனியாக ஒரு தொகையும் அதில் இருக்கிறது. சென்னை மகள் காசுக்குப் பதிலாக வருடத்தில் ஒரு மாதம் போய் நிற்பதென்று பேச்சு. விசா கிடைத்தால்தான். அது போதுமா? போதாது. ஆனால் மூன்று பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசுகிறார்கள், அதில் மருந்துக்கு மேலே ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. இதை வாசிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குவோம்.